எவருடைய தலைமுடி

ஃபெல்ட்ஹோவனில் கடையை எட்டரைக்குத் திறப்பேன்.
ஏழே முக்காலுக்கே வந்து
கெட்டிலைப் போட்டுவிட்டு
பத்திரிகையில் வணிகப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துக்கொள்வேன்.
மற்ற பக்கங்கள் வாடிக்கையாளர்களுக்கு.

இன்றும் எழுதியிருக்கிறார்கள்:
புதிய இயந்திரம் பொறிக்கும் கோட்டின் அகலம்
மனிதத் தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்காம்.
இரண்டு வருடம் முன்பு ஐயாயிரத்தில் ஒரு பங்கு.
கோடு மெலிந்துகொண்டே போகிறது,
முடி மட்டும் அப்படியே நிற்கிறது.

எவருடைய முடி என்று
ஒருவரும் எழுதுவதில்லை.
பதினெட்டு வருடமாக வெட்டுகிறேன், எனக்குத் தெரியும்:
ஹிட்டெயுடையது சிலந்தி நூல்,
சீப்பு பட்டாலே மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.
தைனானிலிருந்து வந்த யூ-சென்னுக்கு
ஒவ்வொன்றும் துடைப்பக் குச்சி,
என் கத்தரி மாதம் இருமுறை சாணைக்குப் போவது அவரால்தான்.
ஓய்வுபெற்ற தபால்காரர் லாம்பெர்டஸுக்குக்
காதில் மட்டும்.
இதில் எதை வைத்து அளந்தார்கள்?

நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம்
அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில்
அணு அணுவாக எண்ணுகிறார்களாம்.
அங்கிருந்து மழையில் மிதிவண்டி மிதித்து வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்ததும்
"கொஞ்சம் குறைச்சுடுங்க" என்கிறார்கள்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
இதுவரை ஒரு பொறியாளரும் சொன்னதில்லை.

பங்கு விலை ஏறிய வருடம்
கட்டட உரிமையாளர் ஃபான் டெ லார்
வாடகையை ஏற்றினார்.
பங்கு சரிந்த வருடம்
வெளியூர் போயிருந்தார்.
என்னிடம் அதில் ஒரு பங்கும் கிடையாது,
பத்தாயிரத்தில் ஒன்றுகூட.

மறுசீரமைப்பு என்ற சொல்
பத்திரிகைக்கு வருவதற்கு ஒன்பது நாள் முன்பே
இங்கே வந்துவிட்டது.
மூன்று மாதமாகத் தலைப்பக்கமே கத்தரி படாத மூன்று பேர்
ஒரே செவ்வாய்க்கிழமை வந்தார்கள்,
காது தெரிய வெட்டச் சொன்னார்கள்.
நேர்காணலா என்று நான் கேட்கவில்லை.
பின்கழுத்தில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

செய்தி வெளியான அன்று ஹிட்டெ வந்தான்.
"தலை தப்பியது" என்றான் கண்ணாடியிடம்.
நான் சீப்பை வைத்தேன்.
கையோடு நாலு முடி வந்தது.
அவன் பார்ப்பதற்குள் ஊதிவிட்டேன்.

செயற்கை நுண்ணறிவு தொடாத வேலைகள் என்று
ஒரு பட்டியல் வந்தது.
நாங்கள் நாலாவது, கூரை வேய்பவர்களுக்கு அடுத்து.
ஹனெக்கெ அதைக் கத்தரித்துக்
கல்லாப்பெட்டியில் ஒட்டினாள்.
மறுநாளே ஒரு விற்பனையாளர்,
கழுத்தில் அட்டை, கையில் கண்ணாடி.
முகம் காட்டினால் எந்த வெட்டு பொருந்தும் என்று
அதுவே சொல்லுமாம்.
லாம்பெர்டஸை உட்காரவைத்துக் காட்டினார்.
வெகுநேரம் யோசித்தது.
பிறகு, வெளிச்சம் போதவில்லை என்றது.

போன மாதம் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
ஐயா, தாங்கள் அடிக்கடி குறிப்பிடும் தலைமுடி
யாருடையது?
குழந்தையுடையதா, சாயம் போட்டதா,
நெற்றியோரமா, உச்சியா?
விவரம் தெரிவித்தால் நன்றி.
இப்படிக்கு, கெர்டி வெர்ஹூஃபன்,
முடிதிருத்துநர்.

பதில் வரவில்லை.
வியாழக்கிழமை பார்த்தால் உவமையை மாற்றிவிட்டார்கள்:
"ஒரு கிருமியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு."

கிருமியை நான் வெட்டியதில்லை, எனக்குத் தெரியாது.
சத்தமாகத்தான் வாசித்தேன் போலிருக்கிறது.
ஹனெக்கெ ஒன்றும் சொல்லவில்லை,
கழுவி வைத்த சீப்புகளை எடுத்து
இன்னொரு முறை
மருந்துநீரில் போட்டாள்.